சுமத்ரா போட்ட சலாம்

சிங்கப்பூர் ஆடாது என்று இருபத்தைந்து வருடம் வகுப்பில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். உயர்நிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியை. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளந்து கிடக்கிறது, அந்தத் தட்டுகள் நகர்கின்றன, அவை முட்டிக்கொள்ளும் ஓரங்களில்தான் மலை எழும்பும், எரிமலை பொங்கும், நிலம் நடுங்கும். நாம் ஓரத்தில் இல்லை, உள்ளே தள்ளிப் பத்திரமாக இருக்கிறோம். இதைப் பரீட்சையில் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளி விட்டு நான் திரும்பிப் போகிற வீடு சில சமயம் ஆடும்.

வீடு பதினெட்டாவது மாடியில். தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பக்கம் காலாங் ஆறு. கல்யாணமான புதிதில் இந்த வீட்டைப் பார்த்தது நான், வேண்டாம் என்று சொன்னது என் கணவர். "இங்க அடியில பூரா கடல் களிமண்ணு டீச்சர்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மல்லிகைப் பூவும் முருங்கைக்கீரையும் காலடியில் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு இவர் மண்ணைப் பார்க்கிறாரே என்று. நான் பிடித்த பிடியில் நின்றேன். வீடு வாங்கினோம்.

அவர் அப்படித்தான் பார்ப்பார், அவர் தொழில் அது. மண் பரிசோதனை. ஒரு கட்டடமோ ரயில் சுரங்கமோ வருவதற்கு முன்னால் அங்கே குழாய் இறக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று துளைபோட்டு எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த மண்ணும் பாறையும் நீளநீளமாக மரப்பெட்டியில் அடுக்கிவைக்கப்படும். தமிழ்நாட்டிலிருந்து அந்த வேலைக்கு வந்து, சூப்பர்வைசர் ஆகி, இங்கேயே பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்டவர். எங்கள் வீட்டில் 'ஊர்க்காரப் பையனா, இந்தியாவிலிருந்து வந்தவனா' என்று முகம் சுளித்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் சந்திப்பிலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து என் கையில் வைத்து, "சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துல, முப்பது அடிக்குக் கீழ கிடைச்சுது. இங்க கடல் இருந்துச்சுங்க" என்ற மனிதரை நான் எப்படி விடுவேன்?

நான் படத்தில் பார்த்ததை எல்லாம் அவர் கையால் தொட்டிருந்தார். புக்கிட் தீமாவின் கருங்கல் எப்படி உண்டானது என்று நான் சொல்வேன்: மனிதன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் இரண்டு நிலத்துண்டுகள் நெருங்கி வந்தன, நடுவிலிருந்த கடல் மூடிக்கொண்டது, அடியில் உருகிய பாறை மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த மலையெல்லாம் மழையில் கரைந்துபோக, இறுகியது மட்டும் மிஞ்சி இன்று நம் குட்டிக் குன்றாக நிற்கிறது. "அந்தக் கல்லு எங்க மெஷின் பல்லையே உடைச்சிரும்" என்பார் அவர். ஜூரோங் பக்கத்துப் பாறை அடுக்குகள் படுத்துக் கிடக்காமல் சாய்ந்தும் மடிந்தும் இருக்கும் என்று நான் சொன்னால், சாய்ந்த கோடு தெரிகிற ஒரு துண்டை மறுநாள் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார். கிழக்கே பழைய ஆறுகள் கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும். இடையிலுள்ள பள்ளங்களில் கடல் விட்டுப்போன களிமண். மேடு, பள்ளம், எங்கே குன்று, எங்கே சதுப்பு எல்லாம் எப்போதோ நடந்த ஒரு மோதலின் மிச்சம் என்பது அவரோடு பேசிப் பேசித்தான் எனக்கு உறைத்தது. நான் மேலே படித்தவள், அவர் கீழே பார்த்தவர். இதை அவரே சொல்லிக் காட்டுவார், வாய்க்கொழுப்பு.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் சுமக்கிற தட்டுதான் சுமத்ராவின் மேற்கே வந்து நம் தட்டுக்கு அடியில் புதைந்துகொண்டிருக்கிறது. அந்த உரசலில்தான் சுமத்ராவின் நீண்ட மலைத்தொடரும் எரிமலைகளும். "பார்த்தீங்களா, உங்க ஊர் தட்டுதான் வந்து எங்க ஊர் தட்டை முட்டுது லா. வந்த இடத்துல சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?" என்பேன்.

"முட்டாம மலை எப்படி வரும்? சும்மா இருந்தா இப்படிச் சப்பையாத்தான் கெடக்கணும்" என்று சன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார்.

வீடு முதல்முறை ஆடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது, வெயிலில் சந்தைக்குப் போய்வந்த களைப்பு என்று நினைத்தேன். அவர் கையில் சோற்றோடு அண்ணாந்து பார்த்தார். சாமி மேடைக்கு மேலே சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு, காற்றே இல்லாமல், நிதானமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அவர் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "வா அலைக்கும் சலாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சுமத்ரா சலாம் போடுறான் டீச்சர், பதில் சொல்ல வேண்டாமா?"

பிறகுதான் விளக்கினார். அங்கே சுமத்ராவில் மோதிய அதிர்வு அவ்வளவு தூரம் வரும்போது இளைத்துவிடும். புக்கிட் தீமா கருங்கல்மேல் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. களிமண்ணுக்கு வந்ததும் அது பெரிதாகிவிடும். "அகர் அகர் ஜெல்லில குச்சி குத்திவெச்சு கிண்ணத்தைத் தட்டிப் பாரு. குச்சிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஆடும்." பயப்படாதே என்பதற்காகச் சொன்னார். கட்டடத்தின் கால் களிமண்ணைத் தாண்டிக் கெட்டித் தரையில் நிற்கிறது என்றும் சொன்னார். நான் பயப்படவில்லை. இருபது வருடமாக இல்லை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது என் வீட்டுக்கே வந்து விளக்கை ஆட்டிவிட்டுப் போனதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கம். எப்போதாவது ஒருமுறைதான் ஆடும். யார் முதலில் கவனிக்கிறார்களோ அவர் 'சுமத்ரா' என்பார், மற்றவர் விளக்கைப் பார்த்துச் சலாம் சொல்ல வேண்டும். எப்போதும் அவர்தான் முதலில். மண்ணோடு பழகிய உடம்பு. ஆனால் சிரிப்பு அந்த ஒரு நிமிடம்தான். உடனே தொலைக்காட்சியைப் போட்டு, அங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று செய்தி வரும்வரை உட்கார்ந்திருப்பார். நமக்கு விளக்கு ஆடினால் அங்கே வீடு விழுந்திருக்கும் என்பார். நல்ல செய்தியாக இல்லாவிட்டால் அன்று சாப்பிட மாட்டார்.

அப்புறம் அவர் கை ஆட ஆரம்பித்தது. வலது கை. செய்தித்தாள் பிடித்திருக்கும்போது இல்லை, சும்மா மடியில் கிடக்கும்போது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிப் பார்க்கிற மாதிரி. "என்னங்க, கை ஆடுது?" என்றேன். "சுமத்ரா" என்றார். சிரித்தேன். அடுத்த வாரமும் கேட்டேன், "சுமத்ரா" என்றார். சிரித்தேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. படித்தவள், நூறு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள், வீட்டில் ஒரு கையைப் பார்க்கத் தெரியாமல் இருந்தேன். இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நடை சின்னச் சின்னதாகக் குறுகி, கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப்போன பிறகுதான் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தமிழில் ஒரு தகவல் தாள் கொடுத்தார்கள். மேலே பெரிதாக 'நடுக்குவாதம்' என்று இருந்தது. அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நிலத்துக்கு வந்தா நடுக்கம், ஆளுக்கு வந்தா வாதமா டீச்சர்?" என்றார். வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் ஆடுகிற கையாலேயே என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் வேலை போயிற்று. மாத்திரை கூடியது. மாத்திரையினால் ஒரு கஷ்டம் வந்தது: எழுந்தால் கிறுகிறுப்பு, உட்கார்ந்தால் வீடு சாய்கிற மாதிரி இருக்கும். அதனால் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். "ஆடுதும்மா." நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து விளக்கைப் பார்ப்பேன். அது அசையாமல் தொங்கும். "இல்லீங்க, ஆடலை." பத்து நிமிடத்தில் மறுபடி, "சுமத்ரா வந்திருக்கான் பாரு." விளக்கு சும்மா இருக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதல் மாதங்களில் பொறுமையாக வந்து பார்த்தேன். அப்புறம் சமையலறையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அப்புறம் பார்க்காமலே 'இல்லை' என்றேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

அன்று ஆண்டிறுதித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலை நேரம். கூடத்தில் நான், படுக்கையறையில் அவர். கதவு திறந்திருந்தது. மறுநாள் மதிப்பெண் கொடுக்க வேண்டும், பாதித் தாள் பாக்கி. "ஆடுதும்மா" என்றார். நான் திருத்திக்கொண்டே இருந்தேன். "இந்தத் தடவ நிஜமா ஆடுது. சுமத்ராதான். எந்திரிச்சு வா."

நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்: "வீடு ஆடலை. நீங்கதான் ஆடுறீங்க."

அறையிலிருந்து சத்தமே வரவில்லை. அப்பாடா என்று அடுத்த தாளை எடுத்தேன். நிமிர்ந்திருந்தால் எதிரிலேயே சாமி மேடை. நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தடதடவென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா. என்னை 'சிகு' என்றுதான் கூப்பிடுவார், ஆசிரியைக்கு மலாயில் அப்படி. தலையில் துண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, "சிகு! கோயாங், கோயாங்! நீங்க கீழ இறங்கலையா?" என்றார். கோயாங் என்றால் ஆட்டம். எட்டிப் பார்த்தேன். கீழே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஆட்கள் எல்லாம் புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். விளக்கு இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

அறைக்கு ஓடினேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றைக் கால்விரலால் பிடிக்கப் பார்த்து முடியாமல், அது கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போயிருந்தது. என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போவதற்காக எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "தப்பாச் சொல்லிட்டேங்க, மன்னிச்சிருங்க" என்றேன். "உனக்கு வேலை இருந்துச்சு. பரவால்ல" என்றார். அவ்வளவுதான். வேறு ஒருவராக இருந்தால் ஒரு வாரமாவது சண்டை போட்டிருப்பார்.

சண்டை போட்டிருக்கலாம். அதன் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்லவேயில்லை. ஆடுது என்பதும் இல்லை, சுமத்ரா என்பதும் இல்லை. கிறுகிறுப்பு வரும்போது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார், என்னைக் கூப்பிட மாட்டார். கை ஆடினால் மடியில் ஒரு துண்டை விரித்து, அதற்கு அடியில் கையைத் தள்ளிவிடுவார். நான் பக்கத்தில் வந்தால் இன்னும் சீக்கிரம் தள்ளுவார். "என்னங்க, தலை சுத்துதா?" என்று நானாகக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்பார். டீச்சர் என்று கூப்பிடுவதும் நின்றுபோனது.

வேலையை விட்டேன். எல்லோரும் என் தியாகம் என்றார்கள். தியாகமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து திரும்பக் கேட்க வேண்டும், அதற்காகப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை சுவா சூ காங்கில் இருக்கிறாள். "அக்கா, இந்தப் பக்கம் வந்திருங்களேன். புக்கிட் பாஞ்சாங்ல ஒரு வீடு காலியா இருக்கு. லிஃப்ட் பக்கம், கிளினிக் பக்கம். அந்த ஆட்டமும் இருக்காது" என்றாள். அவள் சொன்னது சரி, அங்கே அடியில் கருங்கல். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே மாறியிருக்க வேண்டும். முதன்முதலில் களிமண் வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தானே.

நான் மாட்டேன் என்றேன். காரணத்தைத் தங்கையிடம் சொல்லவில்லை, யாரிடம் சொல்ல முடியும்? வீடு இன்னொரு தடவை ஆட வேண்டும். ஆடும்போது நான் முதலில் பார்க்க வேண்டும், நான் 'சுமத்ரா' என்று சொல்ல வேண்டும், அவர் நெற்றிக்குக் கை கொண்டுபோய்ச் சலாம் வைக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். நமக்கு விளக்கு ஆடினால் அங்கே வீடு விழும் என்று தெரிந்தே காத்திருந்தேன். சாமி கும்பிடும்போது வாய் 'யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது' என்று சொல்லும், கண் விளக்குச் சங்கிலிக்குப் போய்விடும். பாவிதான் நான், தெரியும்.

இரண்டு வருடம் போயிற்று. அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பேச்சு மெல்லியதாகி, காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். சாட்சிக்கு இருந்த பக்கத்து வீட்டு அம்மாவும் மகளோடு பொங்கோலுக்குக் குடிபோய்விட்டார்.

போன மாதம் ஒரு காலை. அவரைச் சன்னலைப் பார்க்க உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சாமி மேடை அவருக்குப் பின்னால், எனக்கு எதிரில். கிண்ணத்தில் கஞ்சியின் மேல்பரப்பு ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. என் கைதான் என்று நினைத்துக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். அப்போதும் ஏறி இறங்கியது. நிமிர்ந்தேன். விளக்கு ஆடியது. நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"என்னங்க! சுமத்ரா!" என்று கத்திவிட்டேன். "வீடு ஆடுதுங்க! சுமத்ரா வந்திருக்கான்!"

அவர் மெதுவாகத் தலையைக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். அது எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"இல்லம்மா. நான்தான்."

"ஐயோ, இல்லீங்க, நிஜமா! விளக்கைப் பாருங்க!" நாற்காலியைத் திருப்பப் போனேன். பிரேக் போட்டிருந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டேன், மறுபக்கம் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அடித்து அதை விடுவித்தேன். சக்கரம் தரையிலிருந்த மிதியடியில் ஏறிச் சிக்கிக்கொண்டது. மிதியடியைக் காலால் தள்ளினேன், அவர் கால் பலகையிலிருந்து சரிந்தது, அதைத் தூக்கிவைத்தேன். முழுதாகத் திருப்பி நிறுத்தி, அவர் முகவாயைப் பிடித்து மேலே தூக்கினேன்.

விளக்கு நேராகத் தொங்கியது.

போனில் செய்தி வந்ததும் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "பாருங்க, போட்டிருக்கான், சுமத்ராதான், நான் பொய் சொல்லலைங்க." அவர் எழுத்தைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை அந்தப் பழைய பெயரில் கூப்பிட்டார்.

"நீ சொன்னா சரி டீச்சர்" என்றார், எனக்காக.

பிறகு இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, மடியிலிருந்த துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.